நோயாளியின் உடலில் புதிய கிருமி: அதுதான் காரணமா என்று சோதிப்பது எப்படி?

2009 அக்டோபரில் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியானது. நாட்பட்ட களைப்பு நோய்க்குறியால் அவதிப்படும் 101 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் 68 பேரிடம் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் இருந்தது. நலமாக இருந்த 218 பேரில் 8 பேரிடம்தான் இருந்தது. ஒரு பக்கம் 67 விழுக்காடு, மறுபக்கம் 3.7 விழுக்காடு. இப்படி ஒரு வேறுபாட்டைப் பார்த்தால் யாருக்கும் நம்பத்தான் தோன்றும்.

அந்த நோயாளிகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். குளியலறைக்குப் போய்வந்தாலே நாள் முழுவதும் படுக்க வேண்டிய களைப்பு. அதற்கு மேல், பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, உங்களுக்கு மனக்குழப்பம்தான் என்று மருத்துவர்களே சொல்லக் கேட்ட வேதனை. அவர்களுக்கு ஒரு வைரஸின் பெயர் கிடைத்தது என்றால் பாதி விடுதலை கிடைத்தது போல. எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் மருந்துகளைச் சிலர் வாங்கி விழுங்கத் தொடங்கினார்கள். இந்த நோய் உள்ளவர்கள் இரத்த தானம் செய்ய வேண்டாம் என்று கனடா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் முதலிய நாடுகள் அறிவித்தன.

2011 டிசம்பரில் அந்தக் கட்டுரையை ஆய்விதழே திரும்பப் பெற்றது. அந்த வைரஸ் மனிதர்களிடையே பரவியதே இல்லை. அது ஆய்வகத்தில் பிறந்தது.

நுண்ணுயிரியல் படிக்கத் தொடங்கியிருப்பவர்கள், ஆய்வகத்தில் முதல் ஆண்டில் இருப்பவர்கள், வீட்டில் ஒருவருக்குப் பெயர் தெரியாத நோய் இருப்பதால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். “புதிய கிருமி கண்டுபிடிப்பு, இந்த நோய்க்கு இதுவே காரணமாக இருக்கலாம்” என்ற செய்தி கையில் வந்ததும் எதை முதலில் பார்க்க வேண்டும், எதை அடுத்துப் பார்க்க வேண்டும் என்பதே இதன் பொருள். கிருமியைக் கண்டுபிடிப்பது வேலையின் தொடக்கம். அது காரணம் இல்லை என்று நிறுவ எல்லா வழியிலும் முயன்று, ஒவ்வொரு முயற்சியும் தோற்ற பிறகே அதைக் காரணம் என்று சொல்ல முடியும். அந்த முயற்சிகளைக் கண்டுபிடித்தவரே முதலில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: சொல்லப்படுவது என்ன என்று ஒரே வரியில் எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் தலைப்பை நம்பாமல், ஆய்வாளர்கள் உண்மையில் எதைக் கண்டார்கள் என்று எழுதுங்கள். பெரும்பாலும் அது இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். நோயாளியின் மாதிரியில் ஒரு கிருமியின் மரபணுத் துண்டு கிடைத்தது. அல்லது, உயிருள்ள கிருமியே கிடைத்தது, வளர்க்க முடிந்தது. அல்லது, நலமானவர்களைவிட நோயாளிகளிடம் அது அதிகமாகக் காணப்படுகிறது. அல்லது, அது நோயை உண்டாக்குகிறது.

இவை ஒரே ஏணியின் நான்கு படிகள். முதல் படியில் நிற்பவரை நான்காம் படியில் நிற்பவராகக் காட்டுவது செய்தித் தலைப்புகளின் வழக்கம். கட்டுரையின் முடிவுரையில் “தொடர்பு”, “பங்கு வகிக்கலாம்” என்ற சொற்கள் வந்தால் ஆய்வாளர்கள் மூன்றாம் படியைத் தாண்டவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தச் சொற்களை அடிக்கோடிடுங்கள்.

படி 2: கிருமி நோயாளியிடமிருந்து வந்ததா, ஆய்வக மேசையிலிருந்து வந்ததா?

இந்தப் படியில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

பி.சி.ஆர். என்பது மரபணுத் துண்டைப் பெருக்கும் முறை. ஒவ்வொரு சுற்றிலும் துண்டுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. ஒரே ஒரு துண்டிலிருந்து தொடங்கினால் 30 சுற்றுகளில் நூறு கோடியைத் தாண்டிவிடும். இதுதான் அதன் வலிமை, இதுதான் அதன் ஆபத்தும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளித் தூசியில் இருக்கும் துண்டும் நோயாளியின் இரத்தத்தில் இருந்த துண்டும் முடிவில் சோதனைத் தகட்டில் ஒரே மாதிரியான கீற்றாகவே தெரியும்.

நான் பயிற்சி பெற்ற நாட்களில், மாதிரி எதுவும் சேர்க்காமல் வெறும் தண்ணீர் மட்டும் வைத்த குழாயில் ஒருநாள் கீற்று தெரிந்தது. முந்தைய வாரம் முழுவதும் வந்த “நேர்மறை” முடிவுகளை அடித்துவிட்டு மறுபடியும் தொடங்கினோம். பெருக்கிய துண்டுகளைத் திறந்த அதே மேசையில் புதிய மாதிரிகளையும் திறந்திருந்தோம், அவ்வளவுதான் காரணம். அந்தத் தண்ணீர்க் குழாய் இல்லாதிருந்தால் ஒரு தவறான முடிவை நம்பிக்கையோடு எழுதி அனுப்பியிருப்போம். அன்றிலிருந்து எந்தக் கட்டுரையைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் தேடுவது அந்தத் தண்ணீர்க் குழாயைத்தான்.

எக்ஸ்.எம்.ஆர்.வி. விஷயத்தில் மாசு பல வாசல்களில் நுழைந்தது. அது எலிகளுக்கு இரத்தப் புற்றுநோய் தரும் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எலியின் மரபணுத் தொகுதியில் அந்தக் குடும்பத்தின் பழைய துண்டுகள் ஏராளமாகப் பதிந்திருக்கின்றன. ஆகவே ஒரு மாதிரியில் எலியின் டி.என்.ஏ. சிறிதளவு கலந்தாலே இந்த வைரஸ் இருப்பது போன்ற தோற்றம் வந்துவிடும். எலி எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். எலியிலிருந்து எடுக்கும் எதிர்ப்பொருட்களை (கிருமி போன்ற அயல்பொருளை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும் புரதங்களை) ஆய்வகங்கள் அன்றாடம் பயன்படுத்துகின்றன; பி.சி.ஆர். நொதியுடன் அவற்றைச் சேர்த்து விற்கும் நிறுவனங்களும் உண்டு. கடையில் வாங்கிய கிட் ஒன்றிலேயே எலியின் மரபணுப் பொருள் இருந்ததை ஒரு குழு 2010-இல் காட்டியது. எலியின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரிசை உண்டு. மாதிரியில் அதையும் தேடினால் எலியின் கலப்பு மிகச் சிறிதாக இருந்தாலும் அகப்பட்டுவிடும். பல குழுக்கள் தேடின, அகப்பட்டது.

இன்னொரு வாசல் இன்னும் சுவையானது. 22ஆர்வி1 என்பது உலகின் பல ஆய்வகங்கள் வளர்த்துவரும் ஒரு புரோஸ்டேட் புற்றுநோய்ச் செல் வரிசை, அதாவது ஒரே கட்டியிலிருந்து வந்து ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகிவரும் செல்கள். அதன் மூலக் கட்டியை 1990-களில் எலிகளின் உடலில் ஒட்டவைத்து, ஓர் எலியிலிருந்து அடுத்த எலிக்கு மாற்றி மாற்றி வளர்த்தார்கள். தொடக்கக் காலக் கட்டி மாதிரிகளில் எக்ஸ்.எம்.ஆர்.வி. இல்லை, பிற்கால மாதிரிகளில் இருக்கிறது. எலியின் மரபணுத் தொகுதியில் தனித்தனியாக இருந்த இரண்டு வைரஸ் பகுதிகள் அந்த இடைக்காலத்தில் ஒட்டிச் சேர்ந்து இந்தப் புது வைரஸ் உருவானதை 2011-இல் வெளியான ஆய்வு படிப்படியாகக் காட்டியது. அதே இரண்டு பகுதிகள் அதே இடங்களில் வெட்டுப்பட்டு வேறொரு முறையும் தற்செயலாகச் சேர்வதற்கு வாய்ப்பே இல்லை என்று சொல்லலாம். அப்படியானால் நோயாளிகளிடம் “கிடைத்த” வைரஸ் அந்தக் கட்டியின் வழியில் ஆய்வகங்களுக்குள் வந்ததுதான்.

இதிலிருந்து புதியவர்கள் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டிய சோதனை ஒன்று உண்டு: வேறுபாட்டைப் பாருங்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் வைரஸ் போகப் போக மாறும். வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த நோயாளிகளிடம் எடுத்த வைரஸ்களின் மரபணு வரிசைகள் சற்றேனும் வேறுபட வேண்டும். எக்ஸ்.எம்.ஆர்.வி.யில் நடந்தது தலைகீழ். ஒரே செல் வரிசையிலிருந்து கிடைத்த வைரஸ்களுக்குள் இருந்த வேறுபாடு, வெவ்வேறு நோயாளிகளிடம் எடுத்ததாகச் சொன்ன வைரஸ்களுக்குள் இருந்ததைவிட அதிகம். பேரன்களைவிடத் தாத்தாவிடம் அதிக வகை இருந்தால் குடும்ப மரத்தைத் தவறாக வரைந்திருக்கிறோம் என்று பொருள்.

2009 கட்டுரை பி.சி.ஆர். முடிவை மட்டும் காட்டவில்லை. வைரஸைச் செல்களில் வளர்த்ததாகவும், நோயாளிகளிடம் அதற்கு எதிர்ப்பொருள் இருந்ததாகவும் சொன்னது. மூன்று சான்றுகள் ஒரே திசையைக் காட்டியதால்தான் பலரும் நம்பினார்கள். ஆனால் மூன்றும் ஒரே ஆய்வகக் கூரையின் கீழ் எடுத்தவை. சான்றுகளின் எண்ணிக்கையைவிட அவை ஒன்றையொன்று சாராமல் நிற்கின்றனவா என்பதே முக்கியம்.

எக்ஸ்.எம்.ஆர்.வி. பாடத்திற்குப் பிறகும் இது நடந்தது. காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி உள்ள சீன நோயாளிகள் 90 பேரில் 63 பேரிடம் ஒரு புதிய வைரஸ் இருப்பதாகவும், நலமான 45 பேரில் ஒருவரிடமும் இல்லை என்றும் 2013-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதே ஆண்டில் கலிபோர்னியாவின் ஒரு குழு அந்த வைரஸின் மூலத்தைத் துருவிக்கொண்டே போய், மாதிரியிலிருந்து மரபணுப் பொருளைப் பிரித்தெடுக்கப் பயன்படும் சிலிக்கா வடிகுழாய்களுக்குள் அது இருப்பதைக் கண்டது. சிலிக்காவோடு தொடர்புள்ள கடல் பாசிகளைத் தொற்றும் வைரஸாக அது இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். கல்லீரலைத் தேடிப் போனவர்கள் வாங்கிய பிளாஸ்டிக் குழாயைக் கண்டார்கள்.

ஆகவே முறைகள் பகுதியைத் திறந்து கேளுங்கள். மாதிரி சேர்க்காத குழாய்கள் எத்தனை இருந்தன? அவை மாதிரியைப் பிரித்தெடுக்கும் முதல் வேலையிலிருந்தே உடன் போனவையா, கடைசி பி.சி.ஆர். கட்டத்தில் மட்டும் சேர்த்தவையா? வடிகுழாயில் இருக்கும் மாசைக் காட்டுவது முதல் வகை மட்டுமே. வேறு நிறுவனத்தின் பொருட்களைக் கொண்டு மறுபடியும் செய்தார்களா? அந்த ஆய்வகத்தில் அதே கிருமியை, அல்லது அதைச் சுமக்கும் செல்களை, வேறு வேலைக்காக வளர்க்கிறார்களா? இவற்றுக்குக் கட்டுரையில் பதில் இல்லை என்றால் அந்த ஆய்வு முதல் படியில்கூட இன்னும் உறுதியாக நிற்கவில்லை.

படி 3: யாரோடு ஒப்பிட்டார்கள்?

நோயாளிகளிடம் இருந்தது என்பது அரைச் செய்தி. நலமானவர்களிடம் எவ்வளவு இருந்தது என்பது மீதி அரை.

1997-இல் ஜப்பானில், இரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகு காரணம் தெரியாத கல்லீரல் அழற்சி வந்த ஒருவரிடம் டி.டி. வைரஸ் என்ற புதிய வைரஸைக் கண்டுபிடித்தார்கள். கல்லீரல் நோயின் விடுபட்ட காரணம் கிடைத்துவிட்டது என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. தேடத் தேட, நலமாக நடமாடும் மக்களில் பெரும்பாலோரிடமும் அதன் உறவு வைரஸ்கள் இருப்பது தெரிந்தது. அவை நம்மோடு வாழ்கின்றன. இன்றுவரை எந்த நோயும் அவற்றின் பெயரில் உறுதியாகப் பதிவாகவில்லை.

ஒப்பீட்டுக் குழு இருந்தால் மட்டும் போதாது. நோயாளிகளின் இரத்தத்தை ஓர் ஊரில் ஓர் ஆண்டில் எடுத்து, நலமானவர்களின் இரத்தத்தை வேறோர் ஊரில் வேறோர் ஆண்டில் எடுத்து, ஒன்றை ஐந்து முறை உறையவைத்து உருக்கி, மற்றதை ஒருமுறை மட்டும் திறந்திருந்தால், நீங்கள் ஒப்பிடுவது நோயையும் நலத்தையும் அல்ல, இரண்டு கையாளல்களை. அடிக்கடி திறக்கும் குழாயில் மாசு சேரும் வாய்ப்பும் அதிகம். வயது, பாலினம், ஊர், மாதிரி எடுத்த நாள், வைத்த இடம், சோதித்த வரிசை ஆகிய எல்லாமே இரு குழுவுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். நோயாளிகளின் குழாய்களையும் மற்றவர்களின் குழாய்களையும் ஒரே அடுக்கில் கலந்து வைத்துச் சோதிப்பதே சரி.

கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. நூறு நுண்ணுயிர்களைத் தேடி, தற்செயலுக்கு நூற்றில் ஐந்து என்ற எல்லை வைத்தால், எதுவுமே உண்மையில் தொடர்பில்லாவிட்டாலும் ஏறத்தாழ ஐந்து நுண்ணுயிர்கள் “தொடர்பு” காட்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். நூறு காக்கைகளைப் பறக்கவிட்டால் ஏதோ ஒன்று பழம் விழும் நேரத்தில் உட்காரத்தான் செய்யும். எத்தனை தேடினார்கள், அதற்கேற்ப எல்லையை இறுக்கினார்களா என்று பாருங்கள்.

படி 4: யாருடைய மாதிரி என்று தெரியாமல் சோதித்தார்களா? வேறு யார் சோதித்தார்கள்?

2010 ஜனவரியில் பிரிட்டனின் ஒரு குழு 186 நோயாளிகளைச் சோதித்தது, ஒருவரிடமும் எக்ஸ்.எம்.ஆர்.வி. இல்லை. நெதர்லாந்தின் ஒரு குழுவும் காணவில்லை. உடனே எழுந்த பதில்கள் நியாயமானவையே: அவர்கள் முறை வேறு, நோயாளிகளைத் தேர்ந்த அளவுகோல் வேறு, வைரஸ் அமெரிக்காவில் மட்டும் இருக்கலாம். இப்படியே போனால் வாதம் முடிவடையாது. இதை முடித்துவைத்த விதத்தை நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

அமெரிக்காவில் ஒன்பது ஆய்வகங்கள் சேர்ந்தன. வைரஸைக் கண்டதாகச் சொன்னவர்களும் அதில் இருந்தார்கள். முன்பு நேர்மறை என்று அறிவித்த நோயாளிகளின் மாதிரிகள், நலமானவர்களின் மாதிரிகள், வேண்டுமென்றே வைரஸ் சேர்த்த மாதிரிகள் எல்லாவற்றையும் பெயர் இல்லாமல் குறியீட்டு எண்களுடன் எல்லோருக்கும் அனுப்பினார்கள். வேண்டுமென்றே சேர்த்ததை ஆய்வகங்கள் சரியாகக் கண்டன. ஆகவே முறைகளில் குறையில்லை. ஆனால் நோயாளிகளை நலமானவர்களிடமிருந்து யாராலும் நம்பகமாகப் பிரிக்க முடியவில்லை. நேர்மறை சொன்ன ஆய்வகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒரே மனிதரின் இரண்டு குழாய்களுக்கு இரண்டு பதில் வந்தது. இது 2011 செப்டம்பரில் வெளியானது.

அடுத்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயன் லிப்கின் தலைமையில் 147 நோயாளிகள், 146 நலமானவர்கள் கொண்ட ஆய்வு நடந்தது. புதிதாக எடுத்த இரத்தம், குறியீட்டு எண்கள், முதலில் கண்டதாகச் சொன்ன குழுவினரும் தங்கள் சொந்த முறையிலேயே சோதித்தார்கள். மரபணுச் சோதனையில் ஒருவரிடமும் வைரஸ் இல்லை. எதிர்ப்பொருள் சோதனையில் இரு பக்கமும் ஒன்பது ஒன்பது பேர். முதல் கட்டுரையின் ஆசிரியர்கள் சிலரும் அந்த முடிவில் கையெழுத்திட்டார்கள். தன் கண்டுபிடிப்பு இல்லை என்று காட்டும் ஆய்வில் தானே பங்கேற்பது எளிதல்ல. அதை மதிக்க வேண்டும்.

எதிர்ப்பொருள் பற்றி ஒரு சொல். அது ஒரு கிருமியைக் குறிவைத்து உருவானாலும் அதைப் போன்ற வேறொன்றோடும் ஒட்டிக்கொள்ளும். பழைய தொற்றின் நினைவாகவும் இருக்கும். 1998-99-இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியபோது சில நோயாளிகளிடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள், சாவு நிற்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். வழக்கமாகப் பாதிக்கப்படும் குழந்தைகளை விட்டுவிட்டுப் பன்றிகளோடு வேலை செய்யும் பெரியவர்களையே நோய் பிடித்தது. இந்தப் பொருந்தாமையைக் கவனித்தவர்களால்தான் 1999 மார்ச்சில் சுவா காவ் பிங் என்ற இளம் மருத்துவ ஆய்வாளரின் செல் வளர்ப்பில் நிபா வைரஸ் பிடிபட்டது. அதற்குள் காலம் போயிருந்தது. மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள். சோதனையின் முடிவு ஒன்று சொல்ல, நோய் பரவும் விதம் வேறொன்று சொன்னால், சோதனையைச் சந்தேகியுங்கள்.

படி 5: எது முன்னால் வந்தது?

புண்ணில் ஈ மொய்க்கிறது. ஈ வந்ததால் புண் வந்ததா, புண் இருந்ததால் ஈ வந்ததா? நோயுற்ற திசுவில் புதிய கிருமிகள் குடியேறுவது இயல்பு. நோய் வந்த பிறகு எடுத்த மாதிரியை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. நோய் வருவதற்கு முன்பே எடுத்துச் சேமித்த மாதிரி வேண்டும்.

இதற்கு நான் அறிந்ததில் மிக அழகான எடுத்துக்காட்டு, மூளை, தண்டுவட நரம்புகளைச் சேதப்படுத்தும் பன்முகத் தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) பற்றி 2022-இல் வெளியான ஆய்வு. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களின் சேமித்த இரத்த மாதிரிகளிலிருந்து, பிறகு அந்த நோய் வந்த 801 பேரை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 35 பேருக்கு முதல் மாதிரியில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்று இல்லை. அந்த 35 பேரில் 34 பேர் நோய் வருவதற்கு முன் அந்தத் தொற்றைப் பெற்றிருந்தார்கள். தொற்றுக்குப் பிறகு நோய் வரும் அபாயம் 32 மடங்கு உயர்ந்தது. அதேபோல் பரவும் மற்றொரு வைரஸை எடுத்துப் பார்த்தபோது அப்படி எந்த உயர்வும் இல்லை. நரம்பு சேதமடைவதைக் காட்டும் ஒரு புரதமும் இரத்தத்தில் தொற்றுக்குப் பிறகே உயர்ந்தது. வரிசை தெளிவு: முதலில் வைரஸ், பிறகு சேதம், பிறகு நோய்.

ஆனாலும் அந்த வைரஸ் உலகின் பெரியவர்களில் பெரும்பாலோரிடம் இருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே இந்த நோய் வருகிறது. தேவையான காரணமாக இருக்கலாம், போதுமான காரணம் அல்ல. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

படி 6: கோக்கின் விதிகளை எங்கே வைப்பது?

பாடப்புத்தகத்தில் முதலில் வருவதை நான் ஆறாவதாக வைத்திருக்கிறேன். நோயாளி ஒவ்வொருவரிடமும் கிருமி இருக்க வேண்டும், நலமானவரிடம் இருக்கக் கூடாது, தனியாக வளர்க்க முடிய வேண்டும், அதைக் கொடுத்தால் நோய் வர வேண்டும், மறுபடி எடுக்க முடிய வேண்டும் என்று அவை சொல்கின்றன. 1882-இல் காசநோய்க் கிருமியை அறிவித்த ராபர்ட் கோக்கே, காலரா விஷயத்தில் நலமாக இருப்பவர்களும் கிருமியைச் சுமப்பதைப் பிறகு கண்டார். தொழுநோய்க் கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டார். இன்றுவரை அதைச் செயற்கை வளர்ப்பு ஊடகத்தில் வளர்க்க முடியவில்லை. 1971-இல்தான் ஆர்மடில்லோ என்ற விலங்கில் தொழுநோயை உண்டாக்க முடிந்தது. விதிகளை வரிக்கு வரி கேட்டிருந்தால் தொழுநோய்க்கு நூறாண்டுக்குக் காரணமே இல்லை என்று சொல்லியிருப்போம்.

ஆகவே விதிகளைத் தேர்வுத்தாளாகக் கொள்ளாமல் கேள்விகளாகக் கொள்ளுங்கள். வளர்க்க முடியாத கிருமிகளுக்காக 1996-இல் பிரெட்ரிக்ஸ், ரெல்மன் இருவரும் அவற்றைத் திருத்தி எழுதினார்கள். நோயுள்ள திசுவில் கிருமியின் மரபணு அதிகமாகவும் நலமான திசுவில் குறைவாகவும் இருக்கிறதா? நோய் தணியும்போது குறைகிறதா, திரும்பும்போது கூடுகிறதா? நுண்ணோக்கியில் பார்த்தால் சிதைவு இருக்கும் அதே இடத்தில் கிருமி தெரிகிறதா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிகப் பிடித்தது. குழாயில் வரும் மாசு, திசுவின் குறிப்பிட்ட செல்லுக்குள் போய் உட்காராது.

“கொடுத்தால் வருமா” என்பதை மனிதரிடம் சோதிப்பது கூடாது. ஹான்சனே ஒரு நோயாளியின் கண்ணில் அனுமதியின்றிக் கிருமியைச் செலுத்த முயன்று, நீதிமன்றத் தீர்ப்பால் மருத்துவமனைப் பதவியை இழந்தார்.

படி 7: கிருமியை அகற்றினால் நோய் போகிறதா?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் 1979 முதல் இரைப்பைத் திசுவில் வளைந்த பாக்டீரியாக்களை (இன்றைய பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி) கண்டுவந்தார். பேரி மார்ஷலோடு சேர்ந்து அவற்றை வளர்க்க முயன்றபோது தட்டுகள் இரண்டு நாளில் வெறுமையாகவே இருந்தன. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் கூடுதல் நாட்கள் அடைகாப்பில் கிடந்தன, கிருமி வளர்ந்திருந்தது. 1984-இல் மார்ஷல் அதைத் தானே குடித்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருக்கு வந்தது இரைப்பை அழற்சி, புண் வரவில்லை. குடற்புண்ணுக்கு இதுவே காரணம் என்று மருத்துவ உலகை ஏற்கவைத்தது வேறு: கிருமியை ஒழித்த நோயாளிகளுக்குப் புண் மீண்டும் வருவது வெகுவாகக் குறைந்ததை ஒப்பீட்டுக் குழுவோடு காட்டிய சிகிச்சை ஆய்வுகள். 1994-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு கிருமியை ஒழிக்கும் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒப்பீட்டுக் குழு என்பதை அழுத்திச் சொல்கிறேன். எக்ஸ்.எம்.ஆர்.வி. காலத்தில் மருந்து சாப்பிட்டு நன்றாக இருப்பதாக உணர்ந்தவர்கள் உண்மையாகவே சொன்னார்கள். கூடிக் குறையும் நோயில் நல்ல நாட்கள் தாமாகவே வரும். மருந்து எடுக்காத குழு இல்லாமல் அந்த நல்ல நாட்களை மருந்தின் கணக்கில் எழுத முடியாது.

படி 8: முடிவு வரும்வரை என்ன செய்வது, என்ன சொல்வது?

முழுச் சான்றும் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை கூடியபோது, ஸிகா வைரஸ்தான் காரணம் என்று நிறுவப்படுவதற்கு முன்பே 2016 பிப்ரவரி 1 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வல்லுநர்கள் எல்லாச் சான்றுகளையும் எடைபோட்டு, ஆம், இதுவே காரணம் என்று எழுதியது ஏப்ரல் 13 அன்று. இடைப்பட்ட காலத்தில் கர்ப்பிணிகளிடம் கொசுக்கடியைத் தவிர்க்கச் சொன்னதில் இழப்பு ஏதுமில்லை. இரத்த தானத்தை நிறுத்திவைத்ததும் இதே வகைதான். ஆனால் உறுதியாகாத கிருமிக்காக ஒரு நோயாளி பல ஆண்டுகள் வீரியமான மருந்தை விழுங்குவது வேறு வகை. எச்சரிக்கை நடவடிக்கையின் விலை சிறிதாக இருந்தால் முன்கூட்டியே செய்யலாம். பெரிதாக இருந்தால் சான்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

உங்கள் உறவினரோ நண்பரோ ஒரு செய்தித் துணுக்கை நீட்டி, “என் நோய்க்கு இதுதானே காரணம்?” என்று கேட்பார். மேலே சொன்ன படிகளை அவரிடம் ஒப்பிக்க வேண்டாம். எக்ஸ்.எம்.ஆர்.வி. பொய்யானபோது பல நோயாளிகள் அஞ்சியது, தங்கள் நோயும் பொய் என்று உலகம் சொல்லிவிடுமோ என்றுதான். ஆகவே இரண்டையும் பிரித்து, இந்த வரிசையிலேயே சொல்லுங்கள்: “உங்கள் நோய் உண்மை. இந்தக் கிருமிதான் காரணமா என்பது இன்னும் முடிவாகவில்லை. வேறு ஆய்வகம், பெயர் மறைத்த மாதிரிகளில் இதைக் கண்டதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை இதற்காக எந்த மருந்தும் வாங்காதீர்கள்.”